நாய் கொண்டுவந்த உடும்பு

சங்ககால வேட்டைன்னு சொன்னாலே யானை, புலி, வேல் ஏந்திய தலைவன்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அடுப்படி வரும் பாட்டுகளைத் தனியாக எடுத்துப் படித்தால் அங்கே நிற்பது வேறு ஆட்கள். கறியைக் கொண்டுவருவது சின்னப் பயல்கள், இல்லாவிட்டால் வீட்டு நாய்.

புறநானூறு 326, தங்கால் பொற்கொல்லனார் பாட்டு. வேட்டுவச் சிறுவர்கள் தொலைதூரம் போகவில்லை. பக்கத்து மடையிலேயே குட்டைக்கால் உடும்பு ஒன்றைப் பிடித்துவிடுகிறார்கள். அதன் கொழுப்பைத் தயிரோடு சேர்த்த கூழில் போட்டுச் சமைத்து, பாணருக்கும் வந்த விருந்தினருக்கும் சேர்த்துப் படைக்கிறாள் வீட்டுக்காரி. அவள் கணவன் யார் தெரியுமா? போரில் வென்ற யானைகளின் பொன் முகபடாத்தைப் பரிசாகத் தூக்கிக் கொடுப்பவன்! உடும்புக் கறி வேறு வழியில்லாதவன் சாப்பாடு என்று நினைப்பவர்கள் இந்த வீட்டைப் பார்க்க வேண்டும்.

பெரும்பாணாற்றுப்படையில் எயினர் வீடு. மேட்டு நிலத்து நெல்லின் சிவந்த சோறு, அதை மூடினாற்போல உடும்பு வறுவல். உடும்பைப் பிடித்தது நாய். அது சூல் உடும்பு; வயிற்றில் முட்டைகள் மணி மணியாக இருந்தன என்பதுவரை கடியலூர் உருத்திரங்கண்ணனார் சொல்லிவிடுகிறார்.

மலைபடுகடாம் காட்டும் குறவர் சமையல்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது, கிட்டத்தட்ட முழுச் செய்முறையே இருக்கிறது. கடமான் கறி, முள்ளம்பன்றியின் கொழுத்த துண்டுகள், பெண்நாய் துரத்திப் பிடித்த தசை (இதை உடும்பு என்பார்கள் உரைக்காரர்கள்). அருவி அடித்துக்கொண்டு வந்த பலாக்கொட்டை. புளிக்குப் புளியம்பழம், உலை வைக்க மோர், அதில் மூங்கிலரிசி. குறமகள் துழாவத் துழாவ மலைச்சாரல் முழுக்க வாசனை. கூத்தருக்கு வீட்டுக்கு வீடு இது கிடைக்கும். பெற்ற பிள்ளையைத் தடுப்பதுபோல, போகவிடாமல் தடுத்துச் சோறு போடுவார்களாம்.

தயிர், மோர், புளி. மூன்றில் இரண்டு இடத்தில் கொழுப்போடு புளிப்பு வருகிறது. கொழுத்த கறியின் திகட்டலைப் புளிப்பு முறிக்கும்னு சமைக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இதை எழுதக் காரணம் உண்டு. உடும்புக்கறி நரம்புக்கு நல்லது, எண்ணெய் மூட்டுக்கு நல்லது, எல்லாம் பழந்தமிழர் வைத்தியம் என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. மேலே சொன்ன மூன்று பாட்டிலும் மருந்து என்ற பேச்சே இல்லை. அது சோறு, விருந்து, அவ்வளவுதான். வடக்கே இன்னும் மோசம். 'ஹத்தா ஜோடி' என்று அதிர்ஷ்ட வேராக விற்கப்படுவது காய்ந்த உடும்பின் ஆணுறுப்பு.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது உடும்பு. வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு சிறை. சட்டம் வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உடும்பு தின்றவர்களை மட்டும் 'காட்டான்' என்று சிரிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. கச்சேரி மேடையில் தலைமுறை தலைமுறையாகக் கேட்டு ரசித்த கஞ்சிராவுக்குப் போர்த்தியதும் உடும்புத் தோல்தானே.