கரி தின்ற பரங்கிப்பேட்டை இரும்பாலை

பரங்கிப்பேட்டை என்றதும் நினைவுக்கு வருவது 1781-ல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த போர்தான். பள்ளியில் ஒரு மதிப்பெண் கேள்வி! அதே ஊரில் 1830-ல் ஐரோப்பிய முறையில் ஊது உலை கட்டி இரும்பு உருக்கினார்கள் என்பதை நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை. துவாக்குடியில் உலோகவியல் படிக்கிறேன், சுற்றிலும் பட்டறைகளின் வெல்டிங் வெளிச்சம். எனக்கே இது தற்செயலாகத்தான் தெரிந்தது.

ஆலையைத் தொடங்கியவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மாகாணப் பணியில் இருந்தவர். சேலம் பகுதியில் நம் ஆட்கள் இரும்பு எடுக்கும் விதத்தைப் பார்த்து அசந்து போனார். ஆள் உயரம்கூட இல்லாத மண் உலை, ஆட்டுத்தோல் துருத்தி, மரக்கரி, இவ்வளவுதான் சாமான். அதில் கிடைத்த இரும்பைத் துண்டாக்கி, ஆவாரங் குச்சிகளோடு மண் மூசையில் போட்டு, மேலே எருக்க இலை மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்துச் சூடேற்றுவார்கள். குச்சியும் இலையும் கரியாகி அந்தக் கரி இரும்பில் ஏறும். வெளியே வருவது எஃகு! இதையெல்லாம் ஹீத் 1839-ல் ஒரு கட்டுரையாகவே எழுதினார். எகிப்தியர்கள் கல்தூண்களைச் செதுக்கியது இந்திய எஃகு உளிகளால்தான் என்று அதில் வாதாடுகிறார். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் மனிதரின் ஆர்வம் பிடித்திருக்கிறது.

சரி, கல் சேலத்தில் இருக்க, ஆலையை ஏன் கடற்கரையில் வைத்தார்? இரும்பைக் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பத்தான். ஷெஃபீல்டில் அதை எஃகாக்கினார்கள். அதற்காகக் கல்லைச் சுமார் 200 கிலோமீட்டர் கொண்டு வர வேண்டியிருந்தது. அப்போது அங்கே ரயில் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் அடுப்பெரிக்கும் விஷயம். இங்கிலாந்தில் ஊது உலைகள் நிலக்கரிக்கு மாறி வெகுகாலம் ஆகியிருந்தது. இங்கே மரக்கரிதான். ஒரு டன் கரி வேண்டுமானால் நான்கைந்து டன் மரத்தை மூட்டம் போட வேண்டும். ஊரில் இருந்த சின்ன உலை வேண்டும்போது எரியும், கரி இல்லாவிட்டால் சும்மா கிடக்கும். ஊது உலை அப்படி இல்லை. பற்றவைத்தால் இரவும் பகலும் தீனி போட வேண்டும், நிறுத்தினால் உள்ளேயே உறைந்துவிடும். பக்கத்துக் காடு தீர்ந்தால் அடுத்த காடு, அதுவும் தீர்ந்தால் இன்னும் தூரம். கல் நல்ல கல், இரும்பும் நல்ல இரும்பு. கணக்கு மட்டும் உதைத்தது. அரசாங்கக் கடன், மலபாரில் பேப்பூர் கிளை, 1853-ல் கிழக்கிந்திய இரும்புக் கம்பெனி என்ற புதுப் பெயர்... எதுவும் உதவவில்லை. 1860களில் பரங்கிப்பேட்டை உலைகள் அணைந்தன. 1874-ல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள்.

ஹீத்தின் கதை இதைவிடப் பாவம். ஷெஃபீல்டு சென்று, மாங்கனீசும் கரியும் சேர்ந்த பொருளை உருகும் எஃகில் போட்டால் தரம் உயர்கிறது என்று கண்டுபிடித்து 1839-ல் காப்புரிமை வாங்கினார். அவரிடம் வேலை பார்த்த அன்வின் என்பவரோ மாங்கனீசு ஆக்சைடையும் கரியையும் தனித்தனியாக மூசையில் போட்டார். உள்ளே போய்ச் சேர்ந்தால் அதே பொருள்தானே! வழக்கு வருடக்கணக்கில் நடந்தது. 1851-ல் ஹீத் இறந்தார். 1855-ல் பிரபுக்கள் சபை அவர் தரப்புக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஷெஃபீல்டு எஃகு வியாபாரம் அவர் முறையால் கொழித்தது.

மறுபக்கம் சேலத்து மண் உலைகளும் மெல்ல அணைந்தன. மலிவாக வந்திறங்கிய இங்கிலாந்து இரும்போடு அவை போட்டியிட முடியவில்லை, கரியும் கிடைப்பது அரிதாயிற்று. 1982-ல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலை கஞ்சமலை அருகில்தான் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் எஃகை உருட்டித் தகடாக்கும் ஆலையாகத்தான் அது தொடங்கியது. பக்கத்திலிருக்கும் மலையின் கல்லை அது உருக்குவதில்லை.