புகைபோக்கியின் உள்ளுறை

பணியின் பொருட்டுச் சிம்லாவிலோ ஸ்ரீநகரிலோ குடியேறும் தமிழர், முதற் குளிர்காலத்திலேயே கணப்படுப்பின் அருமையை உணர்ந்துவிடுகின்றனர். காஷ்மீரத்தார் அதனைப் புகாரி என்பர். அடுப்பை யாவரும் காண்கின்றனர். அதன் புகை செல்லும் வழியை நோக்குவோர் சிலரே. அவ்வழியின் உட்புறம் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை மனிதன் கற்றுக்கொள்ளப் பல நூற்றாண்டுகள் ஆயின. அக்கல்விக்கு விலையாகச் சிறுவர்களின் உயிர்களும் கொடுக்கப்பட்டன. அவ்வரலாற்றின் பெரும்பகுதி இங்கிலாந்தில் நிகழ்ந்தது.

1666-ஆம் ஆண்டின் பெருந்தீ லண்டன் மாநகரை அழித்தது. மறு ஆண்டு இயற்றப்பட்ட சட்டம், புதிய வீடுகளைச் செங்கல்லாலோ கல்லாலோ கட்டுமாறு பணித்தது. செங்கற் புகைபோக்கியின் உட்புறத்தைக் கொத்தர்கள் சுண்ணாம்புக் காரையுடன் சாணத்தைக் கலந்து பூசினர். நம் வீட்டு முற்றத்தை மெழுகும் சாணம், கடல் கடந்த நாட்டில் புகைபோக்கியையும் மெழுகியது! செங்கற்களின் இடுக்குகள் வழியே புகை அறைகளுக்குள் கசியாமல் தடுத்ததே இப்பூச்சின் பயன். இதுவே உள்ளுறையின் பழைய வடிவம். ஆயினும், புகையிலுள்ள அமிலமும் ஈரமும் நாளடைவில் அப்பூச்சை அரித்து உதிர்த்தன.

நிலக்கரி பெருகவே புகைவழிகள் குறுகின. பல அறைகளின் வழிகள் வளைந்து நெளிந்து சென்றன. 9 அங்குலச் சதுரமே உடைய வழிகளும் இருந்தன. அவற்றில் படிந்த கரியைச் சுரண்ட ஏழைச் சிறுவர்கள் ஏற்றப்பட்டனர். சிலர் இடையில் சிக்கி மூச்சடைத்து மாண்டனர். இத்தொழிலாளர்க்கு உண்டாகும் புற்றுநோய்க்குப் புகைக்கரியே காரணம் என்று 1775-இல் பெர்சிவல் பாட் என்னும் அறுவை மருத்துவர் எழுதினார். எட்டு வயதுக்குட்பட்டோரை இத்தொழிலிற் சேர்க்கலாகாது என 1788-இல் சட்டம் பிறந்தது. 1803-இல் ஜார்ஜ் ஸ்மார்ட் நீண்ட கழியுடன் கூடிய தூரிகையை அமைத்தார். 21 வயதுக்குட்பட்டோர் ஏறுவதை 1840-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. எனினும் சட்டம் ஏட்டில் இருந்தது. சிறுவன் புகைபோக்கியில் இருந்தான். 1875-இல் கேம்பிரிட்ஜ் அருகே ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் இவ்வாறே மாண்டான். அவ்வாண்டே, ஷாப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால், உரிமச்சீட்டு இன்றி இத்தொழில் செய்யலாகாது என விதிக்கப்பட்டது. கொடுமை அதன்பின்னரே ஓய்ந்தது.

கரடுமுரடான வழிக்குச் சிறுவன் வேண்டப்பட்டான். வழுவழுப்பான வழிக்குத் தூரிகை போதும். சுட்ட களிமண் குழாய்களை உள்ளே அடுக்கும் முறை இருபதாம் நூற்றாண்டில் பரவியது. புதிய புகைபோக்கி ஒவ்வொன்றுக்கும் உள்ளுறை வேண்டும் என்பதை இங்கிலாந்தின் 1965-ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் கட்டாயமாக்கின.

1973-இல் எண்ணெய் நெருக்கடி தோன்றவே, மேல்நாட்டார் பலர் விறகடுப்பை மீண்டும் நாடினர். ஆங்கே ஒரு புதிய இடர் காத்திருந்தது. திறந்த கணப்பில் மிகுதியான காற்று புகையுடன் கலந்து விரைந்து மேலேறும். மூடிய அடுப்பிலோ காற்றுக் குறைவு. வெப்பமும் அறையிலேயே தங்கிவிடும். ஆகவே, அகன்ற பழைய வழியில் புகை மெல்லச் சென்று குளிர்கிறது. அதிலுள்ள ஆவி, கிரியோசோட் என்னும் தார்ப்பிசினாகச் சுவரிற் படிகிறது. அது பற்றிக்கொண்டால் வெப்பம் 1000 பாகை செல்சியஸையும் எட்டக்கூடும். வெடிப்புற்ற செங்கல் வழியே அத்தீ மர உத்தரத்தைத் தொட எவ்வளவு நேரமாகும்?

இதற்கு மாற்றாக வந்ததே வளையும் தன்மையுள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழாய். முதலில் புகைபோக்கியைத் துப்புரவாகத் துடைத்தல் வேண்டும். குழாயின் உள்விட்டம் அடுப்பின் புகைவாயினும் குறுகலாகாது. கூரையின் மேலிருந்து கயிறு கட்டி அதனை இறக்குவர். அதில் பொறித்த அம்புக்குறி, புகை செல்லும் திசையாகிய மேல்நோக்கி இருத்தல் வேண்டும். கீழ்முனையை அடுப்புடன் இடைவெளியின்றி இணைத்து, மேல்முனைக்கு மழையும் பறவையும் புகாத மூடி இடுவர். குழாயைச் சுற்றி வெர்மிகுலைட் மணிகளை நிரப்பினால் புகை சூடு குறையாமல் மேலேறும்.

அமைத்தபின் மறந்துவிடலாமோ? ஆகாது. ஆண்டுக்கு ஒருமுறையேனும் குழாய்க்கேற்ற மென்மையான தூரிகையால் துடைத்தல் வேண்டும். நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரமுள்ள விறகை எரித்தலாகாது. காற்றை அடைத்து இரவெல்லாம் புகைய விடுதலும் தீது. வழி அடைபட்டால் நிறமும் மணமுமற்ற கார்பன் மோனாக்சைடு அறையில் நிறைந்து, உறங்குவோர் உயிரைக் கவரும்.

புகாரியின் தகரக் குழாய்க்கும் இவ்வுண்மை பொருந்தும். குளிர் தொடங்குமுன் அதன் இணைப்புகளையும், அது மரக்கூரையைத் துளைத்துச் செல்லும் இடத்தையும் ஒருமுறை நோக்குங்கள். கண்ணுக்குத் தெரியாத அவ்வுட்புறத்தைப் பேணும் வழியை நாம் இன்று எளிதில் அறிகிறோம். அதனை உலகம் அறியுமுன் மாண்ட சிறுவர் பலர்.