படுகுழியும் பயம்பும்

ஆங்கிலத்தில் 'பிட்ஃபால்' என்றொரு சொல் உண்டு. கண்ணுக்குப் புலப்படாது காத்திருக்கும் இடரை அது குறிக்கும். இதனை 'மறைமுக ஆபத்து' என மாணவர்க்குச் சொல்லிக் கொடுப்பார் பலர். பொருள் பிழையன்று, ஆயினும் சொல்லின் வரலாறு அதில் மறைந்துபோகிறது.

'பிட்' என்பது குழி. கிணற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. 'ஃபால்' என்பதை வீழ்ச்சி என்றே கொள்வோம். பழைய ஆங்கிலத்தில் அதன் இனச்சொல் பொறியையும் குறித்தது. செருமானிய மொழியில் இன்றும் 'ஃபால' என்றால் பொறியே. ஆகவே இது விலங்கு பிடிக்க வெட்டித் தழையால் மூடிய குழியின் பெயர். பின்னரே வாழ்க்கை இடர்களுக்கு ஆயிற்று.

அத்தகைய குழிகள் நம் பக்கத்திலும் இருந்தன. 19ஆம் நூற்றாண்டில் ஜொகூர் நீரிணையை நீந்திக் கடந்த புலிகளுக்காகச் சிங்கப்பூரின் மிளகு, காம்பிர் தோட்டங்களில் குழிகள் வெட்டினர். அங்கே கடைசிக் காட்டுப்புலி சுடப்பட்டது 1930இல். தமிழகத்து ஆனைமலைக் காடுகளிலோ 20ஆம் நூற்றாண்டிலும் குழி வெட்டி யானை பிடித்தனர்.

தமிழில் இதற்குப் படுகுழி என்னும் சொல் இருக்கிறது. 'படு' என்பதற்கு வீழ்தல், அகப்படுதல் ஆகிய இரண்டும் பொருளாம். ஞாயிறு படுதல் வீழ்தலைக் காட்டும். வலையிற்படுதல் அகப்படுதலைக் காட்டும். ஆங்கிலச் சொல்லில் பொதிந்த இருபொருளும் இதனுள் அடங்கியிருத்தல் காண்க. சங்க நூல்கள் இக்குழியைப் 'பயம்பு' என்றும் வழங்கின.

சங்கப் புலவர் இக்குழியைக் கையாண்ட விதமே ஈண்டு நினைக்கத்தக்கது. பாண்டியன் நெடுஞ்செழியனிடம் சிறைப்பட்டுத் தப்பிய சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையைக் குறுங்கோழியூர் கிழார் புறநானூற்றின் 17ஆம் பாட்டில் பாடுகிறார். குழியைத் தூர்த்து வெளியேறித் தன் இனத்தோடு சேர்ந்த களிற்றை அவனுக்கு உவமையாக்குகிறார். பகைவர் சிறையினின்று மீண்ட கரிகாலனுக்கும் பட்டினப்பாலை இவ்வாறே கரையைக் குத்திக் குழியைத் தூர்த்த யானையை உவமை கூறுகிறது.

ஆங்கிலச் சொல் வீழ்வதோடு நின்றது. நம் புலவர் மீள்வதையும் கண்டனர். வகுப்பில் இச்சொல் வரும்போது படுகுழி என்றே எழுதச் செய்வோம். குழியிலிருந்து ஏறிய களிற்றின் கதையையும் உடன் சொல்வோம். எச்சரிக்கை மட்டும் கற்ற பிள்ளை அஞ்சும்; மீட்சியும் கற்ற பிள்ளை முயலும்.