டால்டாவுக்குள் ஒளிந்திருந்த எள்ளு

2024 செப்டம்பரில் திருப்பதி லட்டு நெய் விவகாரம் வெடித்தபோது, கடல் தாண்டி இருக்கும் நம்மில் பலருக்கும் வந்த கேள்வி: "நெய்யில் என்ன கலந்திருக்குன்னு கண்டுபிடிக்கவே முடியாதா?" முடியும். அதுக்கு ஒரு பழைய கதை இருக்கு.

1937ல் டால்டா வந்தது. பார்க்க நெய் மாதிரி, விலையோ குறைவு. நெய்யில் கலந்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. வனஸ்பதிக்கு நிறம் போடுங்கள் என்று பலர் கேட்டார்கள். அரசாங்கம் பிடித்த வழி வேறு. நெய்யில் முத்திரை குத்தாமல், கலக்கப் பயன்படும் சரக்குக்குள்ளேயே ரகசிய அடையாளம் வைத்தது. என்ன தெரியுமா? நம்ம நல்லெண்ணெய்! வனஸ்பதியில் குறைந்தது 5 சதவீதம் எள்ளெண்ணெய் இருந்தே ஆகணும் என்றன, 1955ன் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகள்.

ஏன் எள்? உருக்கிய நெய்யில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கொஞ்சம் ஃபர்ஃப்யூராலும் விட்டுக் குலுக்குங்கள். எள்ளெண்ணெய் இருந்தால் அடியில் தங்கும் அமிலம் சிவந்துவிடும். சுத்தமான நெய் சிவக்காது. இதுதான் பௌடுவின் சோதனை. பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். யோசனையும் புதிதல்ல. வெண்ணெய்க்குப் போட்டியாக வந்த மார்கரினில், 100 பங்கு கொழுப்புக்கு 10 பங்கு எள்ளெண்ணெய் சேர்க்கணும் என்று ஜெர்மனி 1897லேயே சட்டம் போட்டிருந்தது.

ஆனால் இதில் மாட்டுபவன் வனஸ்பதி கலப்பவன் மட்டும்தான். பாமாயிலையோ விலங்குக் கொழுப்பையோ கலந்தால்? அதில் எள் இல்லையே, சிவக்காது. சட்டம் அடையாளம் வைத்த பொருளை விட்டுவிட்டு, வைக்காத பொருளுக்குத் தாவிவிடலாம்.

அதனால் இப்போது வெளியிலிருந்து வைத்த அடையாளத்தைத் தேடாமல், பாலின் சொந்தக் கைரேகையையே பார்க்கிறார்கள். நெய்யின் கொழுப்பை கேஸ் குரோமட்டோகிராஃபியில் பிரித்து, 'எஸ் மதிப்பு' என்ற எண்களைக் கணக்கிடுவார்கள். பால் கொழுப்பு என்றால் அவை ஒரு வரம்புக்குள் வரும். 2024 ஜூலையில் குஜராத்தின் ஆனந்தில் உள்ள தேசிய பால்வள வாரிய ஆய்வகம் சோதித்த திருமலை நெய் மாதிரிகளில் அவை வரவில்லை. ஆனால் மாட்டின் தீவனம் போன்ற காரணங்களாலும் எண்கள் மாறலாம் என்று அந்த அறிக்கையே சொன்னது. சிவப்பு நிறம் மாதிரி பளிச்சென்ற பதில் இல்லை. 2024 அக்டோபர் 4ல் உச்ச நீதிமன்றம் தனி விசாரணைக் குழு அமைத்தது.

2022ல் சித்தூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திருப்பதியின் லட்டுக்கு 2009லேயே புவிசார் குறியீடு கிடைத்தாச்சு. அது லட்டின் பெயரைக் காப்பாற்றும். உள்ளே போகும் நெய்யைக் காப்பாற்ற, டேங்கர் வந்து நிற்கும் இடத்திலேயே சோதனை நடக்கணும்.