எம்.பி.க்கு ஒரு சின்னம், எம்.எல்.ஏ.வுக்கு வேற சின்னம்: மதுரை வட்டாரத்தில் ஓட்டு மாறுவது ஏன்? கட்சி விசுவாசம் என்ன ஆகிறது?

2019 ஏப்ரல் 18. மதுரையில் சித்திரைத் திருவிழா தேரோட்டம். அன்றைக்கேதான் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவும். திருவிழாக் கூட்டத்துக்காக மதுரைத் தொகுதியில் இரவு 8 மணி வரை ஓட்டு போட அனுமதி கொடுத்தார்கள்.

அதே நாளில் மதுரையைச் சுற்றியுள்ள நிலக்கோட்டை, ஆண்டிபட்டி, பெரியகுளம், மானாமதுரை, சாத்தூர், பரமக்குடி வாக்காளர்களுக்கு இரட்டை வேலை. எம்.பி.க்கு ஒரு ஓட்டு, இடைத்தேர்தலில் எம்.எல்.ஏ.வுக்கு ஒரு ஓட்டு. ஒரே பூத், ஒரே விரல் மை, ஆனால் இரண்டு இயந்திரம். எம்.பி. இயந்திரத்தில் வெள்ளைத் தாள், எம்.எல்.ஏ. இயந்திரத்தில் இளஞ்சிவப்புத் தாள்.

எண்ணிப் பார்த்தபோதுதான் சுவாரசியம்.

நிலக்கோட்டையில் என்ன நடந்தது?

நிலக்கோட்டை, திண்டுக்கல் மக்களவைத் தொகுதிக்குள் வருகிறது. திண்டுக்கல்லில் தி.மு.க.வின் வேலுச்சாமி 5.38 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே பெரிய வித்தியாசம் அதுதான். ஆனால் அதே நாளில் நிலக்கோட்டை சட்டமன்ற இடைத்தேர்தலில் ஜெயித்தது அ.தி.மு.க.வின் தேன்மொழி. அதுவும் 20 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசம்.

அப்படியென்றால் மக்கள் கட்சி மாறிக் குத்திட்டாங்களா? அப்படிச் சொல்வதற்கு முன் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். திண்டுக்கல் எம்.பி. இயந்திரத்தில் இரட்டை இலையே இல்லை. கூட்டணியில் அந்தத் தொகுதி பா.ம.க.வுக்குப் போயிருந்தது. இருந்தது மாம்பழம்.

இது நிலக்கோட்டை கதை மட்டும் இல்லை. அப்போது இடைத்தேர்தல் நடந்த 22 இடங்களில் தி.மு.க. 13, அ.தி.மு.க. 9. அந்த ஒன்பதையும் வரிசையாகப் பாருங்கள். மானாமதுரை இருப்பது சிவகங்கையில், அங்கே எம்.பி.க்கு நின்றது பா.ஜ.க. பரமக்குடி இருக்கும் ராமநாதபுரம், விளாத்திகுளம் இருக்கும் தூத்துக்குடி, சூலூர் இருக்கும் கோவை - மூன்றிலும் பா.ஜ.க.தான். சாத்தூர் இருக்கும் விருதுநகரில் தே.மு.தி.க. நிலக்கோட்டையின் திண்டுக்கல், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி இருக்கும் தர்மபுரி, சோளிங்கர் இருக்கும் அரக்கோணம் - மூன்றிலும் பா.ம.க.

ஆக, ஒன்பதுக்கு ஒன்பது இடத்திலும் எம்.பி. இயந்திரத்தில் இலை இல்லை. அந்த மக்களவைத் தொகுதிகள் அத்தனையையும் தி.மு.க. கூட்டணி அள்ளிக்கொண்டது.

இதை 'கட்சி தாவிய ஓட்டு' என்று சொல்வதைவிட, 'சின்னத்தைத் தேடிய ஓட்டு' என்பதுதான் பொருத்தமாகத் தெரிகிறது. கட்சித் தலைமை கூட்டணி பேசி முடித்துவிடலாம். ஆனால் இலைக்கே பழகிய கை, தாமரைக்கோ மாம்பழத்துக்கோ தானாகப் போய்விடாது.

இன்னொரு காரணமும் உண்டு. எம்.பி. ஓட்டு டெல்லியில் யார் என்பதற்கு. எம்.எல்.ஏ. ஓட்டு, எடப்பாடி பழனிசாமி ஆட்சி நிற்குமா விழுமா என்பதற்கு. சட்டமன்றத்தில் பெரும்பான்மைக்கு 118 பேர் வேண்டும். அந்தக் கணக்கு இந்த 22 இடங்களை நம்பித்தான் இருந்தது. 'மோடி வேண்டாம், ஆனா இங்க ஆட்சி கவிழ வேண்டாம்' என்று ஒருவர் நினைத்தால் அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

தேனியில் நேர் எதிர்

2019-ல் தேர்தல் நடந்த 38 மக்களவைத் தொகுதிகளில் தி.மு.க. கூட்டணி தோற்றது ஒன்றே ஒன்றில். அது தேனி. மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டியும் சோழவந்தானும் இந்தத் தொகுதிக்குள்தான் வருகின்றன. அ.தி.மு.க.வின் ஓ.ப.ரவீந்திரநாத், காங்கிரஸின் ஈ.வி.கே.எஸ்.இளங்கோவனை 76 ஆயிரத்துக்கும் அதிகமான ஓட்டில் தோற்கடித்தார்.

ஆனால் அதே தேனிக்குள் இருக்கும் ஆண்டிபட்டி, பெரியகுளம் இடைத்தேர்தல் இரண்டிலும் ஜெயித்தது தி.மு.க. அதாவது, 'கை' நின்ற இடத்தில் தோல்வி, 'உதயசூரியன்' நின்ற இடத்தில் வெற்றி. ஆண்டிபட்டியில் மோதியது யார் தெரியுமா? தி.மு.க.வுக்கு மகாராஜன், அ.தி.மு.க.வுக்கு லோகிராஜன். உடன்பிறந்த அண்ணன் தம்பி! 'எங்க குடும்பமே ஒரே கட்சி' என்று சொல்கிறவர்கள் அங்கே என்ன செய்திருப்பார்களோ.

ஆளைப் பார்த்துப் போட்டால்?

'கட்சி வேண்டாம், ஆளைப் பார்த்துப் போடுவோம்' என்பது அடிக்கடி கேட்கிற பேச்சு. நல்ல பேச்சுதான். ஆனால் மதுரையில் அதற்கு ஒரு சோதனை இருக்கிறது.

டாக்டர் சரவணன் 2019 மே மாதம் திருப்பரங்குன்றம் இடைத்தேர்தலில் தி.மு.க. வேட்பாளராக 2,396 ஓட்டில் ஜெயித்தார். 2021-ல் அதே சரவணன் மதுரை வடக்கில் பா.ஜ.க. வேட்பாளர். 2024-ல் மதுரை மக்களவைத் தொகுதியில் அ.தி.மு.க. வேட்பாளர். ஐந்து வருஷத்துக்குள் சூரியன், தாமரை, இலை. ஆளுக்கு விசுவாசமாக இருக்க நினைத்த வாக்காளர் மூன்று சின்னத்திலும் ஓட்டு போட்டிருக்கணும். கட்சிக்கு விசுவாசமாக இருந்தவர் அவரை ஒரு தடவை ஜெயிக்க வைத்து, அப்புறம் எதிர்த்திருக்கணும்.

தங்க தமிழ்ச்செல்வன் கதையும் இதே மாதிரிதான். ஆண்டிபட்டி அ.தி.மு.க. எம்.எல்.ஏ.வாக இருந்து, 2017-ல் தகுதி நீக்கம் செய்யப்பட்ட 18 பேரில் ஒருவர். 2019-ல் தேனியில் அ.ம.மு.க. சார்பில் நின்று மூன்றாம் இடம். அப்புறம் தி.மு.க. 2024-ல் அதே தேனியில், முன்பு தன் தலைவராக இருந்த டி.டி.வி.தினகரனையே 2.78 லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்து எம்.பி. ஆனார்.

சட்டமன்றத்துக்குள் ஆளைவிடக் கட்சிக்குத்தான் கை ஓங்கியிருக்கிறது. 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். எவ்வளவு நல்ல மனுஷனை அனுப்பினாலும், முக்கியமான வாக்கெடுப்பில் அவர் கை தூக்குவது கட்சி சொல்கிறபடிதான். அதனால் 'சின்னத்தைப் பார்த்துத்தான் போடுவேன்' என்கிறவரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்கிவிட முடியாது.

இது புதுப் பழக்கமா?

இல்லை. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க.வுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்தது 2 இடம் மட்டும். அடுத்த மாதமே அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதம் சட்டமன்றத் தேர்தல் வந்தபோது 129 இடங்களோடு திரும்பி வந்தார். அப்போது அவர் நின்று ஜெயித்தது மதுரை மேற்குத் தொகுதியில்.

கிராமங்களில் இது இன்னும் சகஜம். ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஒருவருக்கு நான்கு ஓட்டு. அதில் வார்டு உறுப்பினரும் ஊராட்சித் தலைவரும் கட்சிச் சின்னத்தில் நிற்கவே முடியாது. ஒன்றியக் கவுன்சிலரும் மாவட்டக் கவுன்சிலரும் கட்சிச் சின்னத்தில் நிற்கலாம். தலைவருக்குச் சொந்தக்காரர், ஒன்றியத்துக்குக் கட்சிக்காரர் என்று பிரித்துக் குத்துவது அங்கே யாருக்கும் துரோகமாகத் தெரிவதில்லை.

மாத்திப் போட்டா யாருக்காவது தெரியுமா?

பலருக்கும் உள்ளுக்குள் இருக்கிற பயம் இதுதான். வீட்டுக்காரர் கட்சியில் வட்டச் செயலாளர், மாமா பூத் ஏஜென்ட், தெரு முழுக்க ஒரே கொடி. இப்படி இருக்கிற வீட்டுப் பெண் வேறு பட்டனை அழுத்தினால்?

தெரியாது. நீங்கள் வந்து கையெழுத்துப் போட்டது பதிவேட்டில் இருக்கும். எந்தப் பட்டனை அழுத்தினீர்கள் என்பது அதில் இருக்காது. விவிபேட் சீட்டு 7 விநாடி தெரிந்துவிட்டுப் பெட்டிக்குள் விழுந்துவிடும். அதில் உங்கள் பெயரோ வாக்காளர் எண்ணோ கிடையாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 94-வது பிரிவுப்படி, யாருக்கு ஓட்டு போட்டீர்கள் என்று சொல்லும்படி உங்களை யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தேர்தல் பணியில் இருக்கும் அலுவலரோ ஏஜென்டோ ரகசியத்தை வெளியிட்டால், 128-வது பிரிவின் கீழ் 3 மாதம் வரை சிறைத் தண்டனைக்கு வழி இருக்கிறது.

பிறகு எப்படி 'உங்க தெரு எங்களுக்குப் போடலையே' என்று கட்சிக்காரர்கள் வந்து கேட்கிறார்கள்? அதற்குக் காரணம் படிவம் 20. எந்த பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு விழுந்தது என்பது அதில் வெளியாகிவிடும். ஒரு பூத்துக்குச் சில நூறு வீடுதான் என்பதால், தெருக் கணக்கை அவர்கள் ஊகிக்கிறார்கள். பல பூத் ஓட்டுகளைக் கலந்து எண்ணும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே பரிந்துரைத்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. ஆகவே பூத்தின் மொத்தக் கணக்கு தெரியும், தனி ஆள் ஓட்டு தெரியாது. 'எங்களுக்கு எல்லாம் தெரியும்' என்று யாராவது சொன்னால் அது வெறும் மிரட்டல்.

சிலர் போட்டோ எடுத்து வந்து காட்டச் சொல்வதும் உண்டு. வாக்குச்சாவடிக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. ஓட்டைப் படம் பிடிப்பது ரகசிய விதியை மீறுவது.

போட்ட ஓட்டைக் கட்சிக்குக் காட்டியே ஆகவேண்டிய ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் அது வாக்காளர் இல்லை. 2003-ல் செய்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, மாநிலங்களவைத் தேர்தலில் ஒரு கட்சியின் எம்.எல்.ஏ. தன் வாக்குச்சீட்டைக் கட்சியின் ஏஜென்டிடம் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போடணும்.