காலால் கேட்ட பாட்டு

உட்கார்ந்து பாட்டுக் கேட்பவர் தலையை ஆட்டுவார், தொடையில் தாளம் போடுவார். தோளில் காவடியோடு பங்குனி வெயிலில் நடந்துபோகிறவருக்கு இரண்டுக்கும் வழியில்லை. பாட்டு பிடித்திருக்கிறதா என்பதை அவர் கால்தான் சொல்ல வேண்டும். தென்காசிச் சீமையில் காவடிச்சிந்து பிறந்த கதையை அந்தக் காலிலிருந்து தொடங்குவதே முறை என்று எனக்குப் படுகிறது.

இன்றைய தென்காசி மாவட்டத்தில் கரிவலம்வந்தநல்லூரை அடுத்த ஊர் சென்னிகுளம். அங்கே 1865இல் பிறந்தவர் அண்ணாமலை ரெட்டியார். திருவாவடுதுறை மடத்தில் சிறிது காலம் இருந்து உ.வே.சாமிநாதையரிடம் பாடம் கேட்டார். இலக்கணத்தில் ஊறி எழும் மனம் அவருக்கு இல்லை. பாட்டு மட்டும் தானாக வந்தது. ஊர்ப்பக்கம் திரும்பியவரை ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் அரவணைத்துக்கொண்டார். ஜமீன்தார் கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துச் சென்றார். வழிநடையில் பாடுவதற்கென்று ரெட்டியார் கட்டிய பாடல்களே காவடிச்சிந்து. இந்தப் பக்கத்தில் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி இது.

வழிநடைப் பாட்டு அதற்கு முன்பே உண்டு. மலைக்கோயிலுக்கும் திருவிழாவுக்கும் கூட்டமாக நடந்தவர்கள் அலுப்புத் தெரியாமல் இருக்கச் சிந்து பாடிக்கொண்டேதான் போனார்கள். ரெட்டியார் அந்த எளிய மெட்டை எடுத்து, படித்தவர்கள் தங்களுக்கென்று வைத்துக்கொண்டிருந்த சொல்வளத்தை அதில் கொட்டினார். கழுகுமலையின் நகர்வளம், கோயில்வளம், வாவிவளம் என்று வருணனைகள் வருகின்றன. முருகன்மேல் ஆசை வைத்த பெண்ணின் ஏக்கமும், தோழியோடு அவள் பேசும் பேச்சும் வருகின்றன. பக்திப் பாட்டு என்று ஒரே சொல்லில் அடக்கிவிட முடியாத விளையாட்டும் காதலும் அதில் இருக்கின்றன.

அந்தப் பாட்டின் கட்டுமானத்தைப் பாருங்கள். புகழ்பெற்ற ஒரு சிந்தில் முதலில் இரண்டு சிறு துண்டுகள் ஒரே ஓசையில் முடிகின்றன. அடுத்து, மூச்சு விட இடமில்லாமல் குறில் எழுத்துகள் விரட்டிக்கொண்டு ஓடும் நீண்ட வரி. அதன் முடிவில் மறுபடி ஒரே ஓசையில் இரண்டு குட்டித் துண்டுகள். மூன்று மூன்றாக விழும் திச்ர நடை அதைத் தாங்கிப் பிடிக்கிறது. சுமையோடு நடக்கிறவருக்கு இது எவ்வளவு பொருத்தம்! சிறு துண்டுகளில் கால் நிதானிக்கும், ஓட்டத்தில் காவடி ஆடும், கடைசித் துண்டில் அடி அழுத்தமாக விழும், அந்த இடைவெளியில் கூட்டம் 'அரோகரா' என்று கூவலாம். கேட்பவரின் மறுமொழிக்கான இடத்தைப் பாட்டுக்குள்ளேயே விட்டுவைத்திருக்கிறார் கவிஞர்.

அதே பாடலில்தான் தன் ஊரையும் பெயரையும் முத்திரையாகப் பதிக்கிறார். அதோடு விடவில்லை. உலகம் மெச்சும் தன் கவியை முருகன் மலைபோன்ற தோளில் மாலையாக அணிந்திருக்கிறான் என்கிறார். இருபதுகளில் இருந்த ஓர் இளைஞர், தன் பாட்டுக்குக் கிடைத்த முதல் பாராட்டு தெய்வத்தினுடையது என்று பாட்டிலேயே எழுதி வைக்கிறார். இதை ஆணவமாக நான் பார்க்கவில்லை. கூட நடந்தவர்களின் கால்கள் அதற்குள் தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தெம்பில் வந்த சொல் அது.

அவரே புலவர்களுக்கென்றும் எழுதினார். சங்கரன்கோவில் திரிபந்தாதி, கருவை மும்மணிக்கோவை போன்றவை அவருடையவை. திரிபு என்பது அடிதோறும் முதல் எழுத்து மட்டும் மாற, அடுத்துவரும் சில எழுத்துகள் அப்படியே வந்து வேறு பொருள் தரும் கடினமான கட்டு. பொருள் விளங்கப் பக்கத்தில் உரைகாரர் வேண்டும். புலவர் அவையில் அந்த நூல்கள் பெயர் வாங்கித் தரும். தெருவில் வாழ்வது சிந்துதான்.

கேட்டவர்கள் பாட்டுக்குத் தந்த பரிசு இந்தப் பகுதியில் நிலமாகவே கிடைத்ததும் உண்டு. தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையில் உள்ள மேலகரத்தைச் சேர்ந்தவர் திரிகூடராசப்பக் கவிராயர். அவருடைய குற்றாலக் குறவஞ்சியைக் கேட்டு மகிழ்ந்த மதுரை நாயக்கர் முத்து விஜயரங்க சொக்கநாதர் அவருக்கு நிலம் வழங்கினார்; அதற்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர். ரெட்டியாருக்கு அப்படி ஒரு மேடு வாய்க்கவில்லை. வயதும் வாய்க்கவில்லை. 1891இல், 26 வயதில், மறைந்தார்.

பாட்டு நடந்துகொண்டே இருந்தது. கழுகுமலைக்குப் பக்கத்து எட்டயபுரத்தில் அப்போது சிறுவனாக இருந்த பாரதி, வளர்ந்ததும் சிந்து நடைகளைத் தேச விடுதலைக்குப் பாட எடுத்துக்கொண்டார். 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடி, கச்சேரி மேடையில் தமிழுக்கு என்ன இடம் என்ற வாதம் சூடுபிடித்தபோது, தமிழுக்காக உரத்துப் பேசியவர்களில் தென்காசிக்காரரான ரசிகமணி டி.கே.சிதம்பரநாத முதலியாரும் ஒருவர். பொருள் நெஞ்சில் படாத பாட்டு எப்படி ரசிகனைச் சேரும் என்பது அவர் தரப்பு. பின்னாளில் குற்றாலத்திலேயே தங்கிவிட்ட அவரைத் தேடி ராஜாஜியும் கல்கியும் வந்தார்கள். வியாபாரம், விளம்பரம் எதுவும் இல்லாமல், கேட்பதையே ஒரு கலையாக அந்த வீடு வளர்த்தது.

சிந்துக்கு முறையான இலக்கணம் வகுத்துப் புதுச்சேரி இரா.திருமுருகன் 'சிந்துப் பாவியல்' எழுதியது, ரெட்டியார் மறைந்து வெகுகாலம் கழித்து. கச்சேரிகளில் காவடிச்சிந்து இன்று பெரும்பாலும் பின்பகுதியில், துக்கடாவாக, செஞ்சுருட்டி ராகத்தில் வருகிறது. பாடகர்கள் நன்றாகவே பாடுகிறார்கள், கைதட்டலும் விழுகிறது. ஆனால் நாற்காலியில் அமர்ந்து கேட்பவருக்கு அந்த நீண்ட வரியின் ஓட்டம் வெறும் நாவின் சாமர்த்தியமாகத்தான் படும். அது எதற்காக அப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால், தென்காசியிலிருந்து மேலகரம் வழியாகக் குற்றாலம்வரை நடந்துகொண்டே ஒரு சிந்தை வாய்விட்டுப் பாடிப் பார்க்க வேண்டும்.