கல்தூணிலிருந்து ஹேண்டில்பாருக்கு

அண்ணா சாலையில், தேனாம்பேட்டை சிக்னலில் சிவப்பு விளக்கு எரியும்போது அங்கே நிற்கும் இரு சக்கர வண்டிகளைக் கவனித்திருக்கிறீர்களா? உணவுப் பொட்டலம் கொண்டு செல்பவர், கூரியர் தபால் கொடுப்பவர், வாடகைக்கு ஆள் ஏற்றிச் செல்பவர் எனப் பலருடைய வண்டியின் ஹேண்டில்பாரிலும் ஒரு கைபேசி மாட்டியிருக்கும். அதன் திரையில் ஒரு வரைபடம். அதற்குள் ஒரு நீலப் புள்ளி. வண்டி நகர்ந்தால் புள்ளியும் நகரும்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். அதிசயம் இருக்கிறது. பூமியில் ஓரிடத்தின் நிலையை அளக்க வேண்டுமானால் அளக்கும் கருவி அசையவே கூடாது என்பது பல நூற்றாண்டுகளாக மனிதன் கண்ட பாடம். ஆனால் இன்று அந்த வேலையைச் செய்வதோ, விநாடிக்குப் பல முறை அதிரும் ஒரு மோட்டார் சைக்கிளின் மேல் தொற்றிக்கொண்டிருக்கும் கருவி! இந்த மாற்றம் எப்படி வந்தது?

அசையாத் தூண்

தேனாம்பேட்டையிலிருந்து ஏறக்குறைய நேர் வடக்கே சுமார் மூன்று கிலோமீட்டர் சென்றால் நுங்கம்பாக்கம். அங்கே மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில் ஒரு பெரிய கருங்கல் தூண் நிற்கிறது. எடை பத்து டன். 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் அமைத்த சென்னை வானாய்வகத்தின் எச்சம் அது. விண்மீன்கள் உச்சிக் கோட்டைக் கடக்கும் நேரத்தைக் குறிக்கும் சிறு தொலைநோக்கி ஒன்று அந்தத் தூணின்மேல்தான் பொருத்தப்பட்டிருந்தது.

சிறிய தொலைநோக்கிக்குப் பத்து டன் கல் எதற்கு? காரணம் எளிது. தொலைநோக்கி மயிரிழை சாய்ந்தாலும் விண்மீனின் நேரம் தவறிவிடும். நேரம் தவறினால் தீர்க்கரேகை தவறும். பூமி ஒரு விநாடி சுழலும்போது சென்னை அமைந்துள்ள இடம் கிழக்கே சுமார் 450 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. ஆகவே நேரக் கணக்கில் ஒரு விநாடி பிசகினால் நிலப்படத்தில் ஏறக்குறைய அரைக் கிலோமீட்டர் பிசகும். இதனால்தான் அவர்கள் அதிர்வைப் பகையாகக் கருதினர்.

வெயிலும் குலுக்கலும்

அண்ணா சாலையின் பழைய பெயர் மவுண்ட் ரோடு. அந்த 'மவுண்ட்' பரங்கிமலை. 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் அதன் அருகே வில்லியம் லாம்டன் என்ற இராணுவ அதிகாரி நிலத்தில் ஒரு நேர்கோட்டை அளக்கத் தொடங்கினார். பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல், அதாவது சுமார் 12 கிலோமீட்டர். மே 22-இல் முடிந்த அந்த அளவைதான் பின்னர் இமயம்வரை நீண்ட மாபெரும் முக்கோண நில அளவைக்கு அடிக்கோடு.

அளக்க உதவியது 100 அடி எஃகுச் சங்கிலி. வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் ஏறினால் அது சுமார் மூன்றரை மில்லிமீட்டர் நீளும். அற்பம்தானே என்கிறீர்களா? அதே சங்கிலியை ஏறக்குறைய 400 முறை வைத்து அளக்கும்போது பிழை ஒரு மீட்டரைத் தாண்டிவிடுமே! அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடாரத்தால் வெயிலை மறைத்து, பக்கத்தில் வெப்பமானிகளை வைத்துக்கொண்டு அளந்தார்கள்.

அடிக்கோடு கிடைத்தபின் கோணங்களை அளந்தால் போதும். மற்ற தூரங்கள் கணக்கில் வந்துவிடும். கோணம் அளக்க அவர் வைத்திருந்த தியோடலைட்டின் எடை அரை டன். 1808-இல் தஞ்சையில் என்ன நடந்தது தெரியுமா? தென்னையும் வயலும் நிறைந்த சமவெளியில் தொலைவைப் பார்க்க மலை ஏது? பெரிய கோயில் விமானத்தின் உச்சிக்கே கருவியை ஏற்ற முயன்றார்கள். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. அதன் அளவு வட்டம் நெளிந்துபோயிற்று. லாம்டன் ஆறு வாரம் பாடுபட்டு அதை நிமிர்த்தினார். வெயில், குலுக்கல், வானம் தெரியாமை - லாம்டனைத் தொல்லைப்படுத்திய இம்மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவை மீண்டும் வரும்.

உருளும் சக்கரம்

குலுக்கலைப் பொருட்படுத்தாத ஒரு கருவியும் அந்நாளில் இருந்தது. சாலைகளை அளப்பவர்கள் ஒரு சக்கரத்தைக் கைப்பிடியால் தள்ளிக்கொண்டே நடப்பார்கள். எத்தனை முறை சுற்றியது என்பதைப் பற்சக்கரங்கள் எண்ணிக் காட்டும். உங்கள் வண்டியில் ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரும் இதே இனந்தான். ஆனால் சக்கரம் எவ்வளவு தூரம் வந்தோம் என்று சொல்லும். எங்கே வந்தோம் என்று சொல்லாது.

எங்கே என்பதையும் சொல்லவைக்கப் பலர் முயன்றனர். 1981-இல் ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் காருக்காக ஒரு கருவி செய்தது. சக்கரத்தின் ஓட்டம் தூரத்தையும், கைரோஸ்கோப் திருப்பத்தையும் தர, திரையின்மேல் வைத்த வரைபடத்தில் வண்டியின் வழி தெரியும். தொடக்க இடத்தை மனிதன்தான் சொல்ல வேண்டும். போகப்போகப் பிழையும் சேரும். மோட்டார் சைக்கிளுக்கோ அவ்வளவு பெரிய கருவி ஏற்றதல்ல.

கோணம் போயிற்று, காலம் வந்தது

1978-இல் அமெரிக்கா ஜி.பி.எஸ். திட்டத்தின் முதல் செயற்கைக்கோளை ஏவியது. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் இக்கோள்கள் ஒவ்வொன்றும் அணுக் கடிகாரத்தைச் சுமந்துகொண்டு, 'இப்போது மணி இது; நான் இருப்பது இங்கே' என்று ஓயாமல் அறிவிக்கின்றன. அச்செய்தி எவ்வளவு தாமதமாக வந்தது என்பதிலிருந்து கோளின் தூரத்தை உங்கள் கருவி கணக்கிடுகிறது. மூன்று கோள்களின் தூரம் இடத்தைத் தரும். கருவியிலுள்ள மலிவான கடிகாரத்தின் பிழையைத் திருத்த நான்காவது கோள் தேவை.

வேறுபாடு புரிகிறதா? லாம்டன் ஒரு தூரத்தை அளந்துவிட்டுப் பின் கோணங்களை அளந்தார். ஜி.பி.எஸ். கோணம் எதையும் அளப்பதில்லை; காலத்தை மட்டுமே அளக்கிறது. கோணம் அளக்கும் கருவிக்கு மயிரிழைச் சாய்வும் பெரும் பிழை. காலம் அளக்கும் கருவி ஓரிரு மில்லிமீட்டர் குலுங்கினால் கணக்கில் ஓரிரு மில்லிமீட்டர்தான் மாறும். பத்து டன் தூண் தேவையற்றுப் போனதன் இரகசியம் இதுதான்.

ஆனால் உறுதி எங்கோ ஓரிடத்தில் இருந்தாக வேண்டுமே! அது கல்லிலிருந்து கடிகாரத்துக்கு மாறியது. ஒரு விநாடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு தவறினால் தூரத்தில் 300 மீட்டர் பிழை. ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைப்படி அக்கடிகாரங்கள் நாளொன்றுக்கு 38 மைக்ரோ விநாடி முந்தும்; திருத்தாவிட்டால் பிழை நாளுக்குப் பதினோரு கிலோமீட்டர் என்ற கணக்கில் ஏறும். 2013-இலிருந்து 2016-க்குள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் நாடு அனுப்பிய ஏழு வழிகாட்டிக் கோள்களில் முதலாவது, அதன் கடிகாரங்கள் பழுதானதால்தான் இடம் காட்டும் ஆற்றலை இழந்தது. 2023-இல் சென்ற என்.வி.எஸ்.-01 இந்தியாவிலேயே செய்த அணுக் கடிகாரத்தைத் தாங்கிச் சென்றது.

கையிலிருந்து வண்டிக்கு

பொதுமக்கள் கையில் எடுத்துச் செல்லத்தக்க ஜி.பி.எஸ். கருவி 1989-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. விலை ஏறக்குறைய 3,000 டாலர். அக்காலத்தில் பொதுமக்களுக்கான அலையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்துவந்தது. நூறு மீட்டர்வரை தவறும் கருவியால் எல்டாம்ஸ் சாலையையும் அடுத்த தெருவையும் பிரித்துச் சொல்ல இயலுமா? 2000 மே மாதத் தொடக்கத்தில் அக்கலப்பு நிறுத்தப்பட்டது. அதன்பின்தான் தெருவில் வழி காட்ட அது உண்மையிலேயே உதவியது.

நடப்பவருக்கும் படகோட்டிக்கும் செய்த கருவியை மோட்டார் சைக்கிள்காரர்கள் ஹேண்டில்பாரில் கட்டினார்கள். உடனே பழைய பகைவன் வேறு வேடத்தில் வந்தான். ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால் விநாடிக்கு 50 குலுக்கல். ஒரு மணி நேரத்தில் 1,80,000. அளவைக்கு இதனால் கேடில்லை. கருவியின் உடலுக்குத்தான் கேடு. பாட்டரி தன் ஸ்பிரிங்கைவிட்டுக் கணநேரம் விலகும், கருவி அணைந்துவிடும். இதற்காகவே வண்டியின் 12 வோல்ட் பாட்டரியிலிருந்து மின் அழுத்தத்தைக் குறைத்துக் கருவிக்குக் கொடுத்தார்கள். இடையில் ரப்பர் வைத்துப் பிடித்தார்கள். தாங்கியின் தண்டு நீளமானால் கருவி தென்னை உச்சிபோல ஆடும். ஆகவே குட்டையான தண்டே நல்லது என்றும் கண்டார்கள்.

கைபேசி வந்ததும் தொல்லை கூடிற்று. பல கைபேசிகளின் காமிராவில் படம் ஆடாமலிருக்க வில்லைகள் நுண்ணிய ஸ்பிரிங்கிலும் காந்தத்திலும் மிதக்கின்றன. பெரிய மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக வந்து இவ்வமைப்பைக் கெடுக்கலாம் என்று 2021-இல் ஆப்பிள் நிறுவனமே எச்சரித்தது. ஸ்கூட்டர் போன்ற சிறு வண்டிகளில்கூட அதிர்வு தணிக்கும் தாங்கியைப் பயன்படுத்துமாறு கூறியது. அந்நிறுவனம் தன் கைபேசிக்கு விதித்துள்ள வெப்ப வரம்பு 35 டிகிரி செல்சியஸ். கத்திரி வெயிலில் சென்னை 40-ஐத் தாண்டுகிறது. லாம்டனின் கூடாரம் நினைவுக்கு வருகிறதல்லவா?

வானம் தெரியாத தொல்லையும் ஓயவில்லை. உயர்ந்த கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் தூரத்தைக் கூட்டிக் காட்டும். தேனாம்பேட்டைக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே மெட்ரோ சுரங்கம், அதன்மேல் சாலை, அச்சாலைக்கு மேலே 2024-இல் கட்டத் தொடங்கிய உயர்மட்டப் பாலம் என அடுக்கடுக்கான வழிகள். இடம் ஒன்றே, உயரம்தான் வேறு. உயரத்தைச் சொல்வதில் ஜி.பி.எஸ். சற்றுப் பலவீனமானது.

கண்ணும் ஒரு கருவியே

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2020 நவம்பரில் தன் மீட்டியர் வண்டியில் ஒரு சிறு வட்டத் திரையை அமைத்தது. கைபேசி சட்டைப் பையிலேயே இருக்கும். திரையில் திரும்ப வேண்டிய அம்புக்குறியும் தூரமும் மட்டும் தெரியும். மனிதனின் உடலே இங்கு அதிர்வைத் தாங்கும் மெத்தையாகிவிடுகிறது! அதைவிடப் பெரிய நன்மை, பார்ப்பதற்குக் குறைவாக இருப்பது.

ஏனெனில் இங்கே குலையக்கூடாத கடைசிக் கருவி ஓட்டுநரின் கவனம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்குப் பதினோரு மீட்டர் செல்கிறது. இரண்டு விநாடி திரையைப் பார்த்தால் 22 மீட்டர் கண்மூடி ஓட்டியதற்குச் சமம். 2020 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதியும் இதையே சொல்கிறது: ஓட்டும்போது கைபேசியை வழி அறிய மட்டும், அதுவும் கவனம் சிதறாதபடி, பயன்படுத்தலாம்.

பொழுதுபோக்குக்காக ஓட்டுபவர் கருவியைக் கழற்றி வைத்துவிடலாம். அடுத்த முகவரியை அதில் பார்த்துப் பிழைக்கும் தொழிலாளிக்கு அந்த வசதி இல்லை. கைபேசி கெட்டால் அன்றைய கூலியே போய்விடும். எனவே குட்டைத் தண்டும் ரப்பரும் கொண்ட தாங்கியை, திரைக்குச் சிறு நிழலை, புறப்படும் முன்பே வழியை மனத்தில் வாங்கும் பழக்கத்தை அவருக்குச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திப் பார்ப்பதே மேல். கல்தூணின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் நிலைத்து நிற்க வேண்டியது ஏதோ ஒன்று எப்போதும் உண்டு.